பிளிங்கோ எப்படி வேலை செய்யுது, 99% ஆர்டிபினா என்ன, இதை அளவோட ஆட முடியுமா?

கேட்டிருக்கறது இதுதான்: ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் டெலிகிராம் சேனல் வழியா ஒரு பிளிங்கோ சைட்ல (ஆணி அடிச்ச பலகைல மேல இருந்து பந்தை விட்டு, எந்தக் கட்டத்துல விழுதோ அதுக்கேத்த காசு வர்ற கேம்) சேர்ந்திருக்கார், ஆர்டிபி 99%, அதாவது போட்ட பணத்துல சராசரியா 99% திரும்ப வரும்னு போட்டிருக்கான், ப்ரூவப்லி ஃபேர், அதாவது ஏமாத்தலைன்னு நீங்களே செக் பண்ணிக்கலாம்னு வேற சொல்றான், லண்டன்ல இருக்கற கசின் இதே கேமை லீகலாவே ஆடுறாராம், இப்ப ஃப்ரெண்டோட அக்கவுண்ட்ல 18,000 ரூபா காட்டுது ஆனா எடுக்கணும்னா 5,400 டாக்ஸ் கட்டச் சொல்றாங்க. இதெல்லாம் நிஜமா, ஆடுறதா இருந்தா எப்படி அளவோட ஆடுறது?

அவசரமான விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். அந்த 5,400-ஐ கட்டவே வேணாம்னு ஃப்ரெண்ட்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க. 18,000-ல சரியா 30% அது, நம்ம ஊர் டாக்ஸ் ரூல் தெரிஞ்ச எவனோதான் உக்காந்து இந்த நம்பரை போட்டிருக்கான். ஆன்லைன் கேம்ல ஜெயிச்சதுக்கு 30% டிடிஎஸ் பிடிக்கணும்னு 2023 ஏப்ரல்ல இருந்து ரூல் இருக்கறது உண்மைதான், ஆனா டிடிஎஸ்னாலே பணம் குடுக்கறவன் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை குடுக்கறதுதானே, வாங்கறவன் கைக்காசை முன்னாடி கொண்டுபோய் கட்டறதுக்குப் பேரு டிடிஎஸ் கிடையாது. அதுவும் போட்ட பணத்தை கழிச்சுட்டு மிச்சம் இருக்கற லாபத்துக்குத்தான் பிடிப்பாங்க, மொத்த பேலன்ஸுக்கு இல்ல. "5,400 பிடிச்சுக்கிட்டு மீதி 12,600-ஐ அனுப்புங்க"னு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, சிஸ்டம் அலோ பண்ணாதுன்னு ஏதாவது ஒரு கதை வரும். கட்டினா அடுத்தது வெரிஃபிகேஷன் ஃபீஸ், அதுக்கடுத்தது அக்கவுண்ட் அன்லாக் ஃபீஸ், இப்படியே போகும். ஸ்க்ரீன்ல தெரியற 18,000 வெறும் எண், அதை 18 லட்சமா மாத்திக் காட்டறதுக்கும் அவனுக்கு ஒரு செலவும் ஆகாது. இதுவரை அனுப்பின யுபிஐ ஐடி, டிரான்சாக்‌ஷன் நம்பர், சேட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு போன் பண்ணணும், எவ்வளவு சீக்கிரம் பண்றாரோ அவ்வளவு நல்லது, பணம் அந்தப் பக்க அக்கவுண்ட்ல இருந்து நகர்றதுக்கு முன்னாடி முடக்கினாத்தான் திரும்ப வர சான்ஸ்.

இனி கேம். இது கேசினோக்காரன் கண்டுபிடிச்சதே இல்ல. அமெரிக்காவுல தி பிரைஸ் இஸ் ரைட்னு ரொம்ப வருஷமா ஓடற ஒரு டிவி ஷோ, அதுல 1983 ஜனவரி 3-ம் தேதி முதல் தடவையா வந்துச்சு, ஃபிராங்க் வெய்ன்னு அந்த ஷோவோட தயாரிப்பாளர் யோசிச்சது. பெரிய பலகை, முழுக்க ஆணி, மேல இருந்து வட்டமான சில்லை விடணும், அது டக்கு டக்குனு தட்டித் தட்டி கீழ ஒன்பது கட்டத்துல ஒண்ணுல விழும். இப்ப வரிசை எப்படின்னா 100, 500, 1000, 0, 10000, 0, 1000, 500, 100 டாலர். நடுவுலதான் பெரிய பரிசு, ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் சைபர் வச்சிருக்காங்க பாருங்க, ஒரு ஆணி தள்ளிப் போனா ஒண்ணுமே இல்ல, ஆடியன்ஸ் "அய்யோ"னு கத்தறதுக்காகவே போட்ட டிசைன். ஆனா அங்க ஆடுறவர் கைக்காசு ஒரு பைசா போடலை. ஒரு சில்லு சும்மா குடுப்பாங்க, மிச்சம் நாலு வரைக்கும் பொருளோட விலையை சரியா கெஸ் பண்ணி வாங்கணும். அதனால அங்க தோத்தா கிடைக்க வேண்டியது கிடைக்கலை, அவ்வளவுதான். பலகையை அப்படியே எடுத்துக்கிட்டு சில்லுக்கு விலை போட்ட உடனே அது வேற ஜாதி கேம் ஆயிடுது.

பலகையோட கணக்கு அதுக்கும் ரொம்ப முந்தினது. 1870கள்ல பிரான்சிஸ் கால்டன்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் இதே மாதிரி ஆணி அடிச்ச ஒரு பெட்டி செஞ்சு மேல இருந்து ஈயக் குண்டுகளை கொட்டிக் காட்டினார், ஒவ்வொரு குண்டும் இஷ்டத்துக்கு ஓடற மாதிரி தெரிஞ்சாலும் கடைசில நடுவுல குவிஞ்சு ஓரத்துல மெலிஞ்சு ஒரு மணி கவுத்து வச்ச மாதிரி வளைவு வரும். பிளஸ் ஒன் கணக்குல ஈருறுப்புத் தேற்றம்னு ஒண்ணு வந்துச்சே, பாஸ்கல் முக்கோணம், அதேதான். இதெல்லாம் எங்க வாழ்க்கைல யூஸ் ஆகப்போகுதுன்னு கேட்டவங்களுக்கு பதில் இங்க இருக்கு.

16 வரிசை ஆணின்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு வரிசையிலயும் பந்து இடது இல்லன்னா வலது, பாதிக்குப் பாதி. அப்ப மொத்த பாதை 2-ஐ 16 தடவை பெருக்கினா வர்றது, 65,536. இதுல இடது ஓரக் கட்டத்துக்குப் போக ஒரே ஒரு பாதைதான், பதினாறு தடவையும் இடதாவே திரும்பணும். வலது ஓரத்துக்கும் ஒண்ணு. நடுக் கட்டத்துக்கு மட்டும் 12,870 பாதை. ஸ்க்ரீன்ல எல்லா கட்டமும் ஒரே அகலத்துல பளபளன்னு பக்கத்துப் பக்கத்துல நிக்குது, கண்ணுக்கு எல்லாம் சமமா தெரியுது, ஆனா ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் 12,870 மடங்கு. இந்த ஒரு விஷயத்தை மண்டைல ஏத்திக்கிட்டாலே பாதி கேம் புரிஞ்ச மாதிரி. டிவில நடுவுல பெரிய பரிசு வச்சாங்க, ஆன்லைன்ல அதை திருப்பிப் போட்டு ஓரத்துல வச்சுட்டாங்க, காரணம் இதுதான்.

வரிசை எத்தனை, ரிஸ்க் லோவா ஹையான்னு ஆடுறவரே தேர்ந்தெடுக்கலாம், எந்தக் கட்டத்துக்கு போட்டதுல எத்தனை மடங்குன்னு அதுக்கேத்த மாதிரி மாறும். நிறைய சைட்ல 16 வரிசை ஹை ரிஸ்க்குக்கு இருக்கற டேபிள் இப்படி: ஓரத்துல 1000 மடங்கு, அப்புறம் 130, 26, 9, 4, 2, அதுக்கப்புறம் நடுவுல அஞ்சு கட்டத்துக்கும் 0.2. பத்து ரூபா பந்து நடுவுல விழுந்தா ரெண்டு ரூபா திரும்ப வரும், எட்டு ரூபா போச்சு. இந்த 0.2 கட்டங்கள்ல விழற வாய்ப்பு மட்டும் 79%. 2 மடங்கு 13% சொச்சம், 4 மடங்கு அஞ்சரை, 9 மடங்கு 1.7%. 26 மடங்கு 273 பந்துக்கு ஒண்ணு, 130 மடங்கு 2,048-க்கு ஒண்ணு, 1000 மடங்கு ரெண்டு ஓரத்தையும் சேர்த்தே 32,768 பந்துக்கு ஒண்ணு. எல்லாத்தையும் பெருக்கிக் கூட்டினா 98.98% வருது, அதைத்தான் 99% ஆர்டிபின்னு விளம்பரம் பண்றாங்க. பொய் இல்ல, கணக்கு கரெக்ட். நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை.

ஆனா அந்த 99 எங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பாருங்க. 1000 மடங்கு கட்டம் மட்டும் 3%, 130 கட்டம் 6.3%, 26 கட்டம் 9.5%. மொத்தம் கிட்டத்தட்ட 19% அந்த மூணுலயும் ஒளிஞ்சிருக்கு, அந்த மூணுல ஏதாவது ஒண்ணு வர்றது 240 பந்துக்கு ஒரு தடவை. ஒருத்தர் பத்து ரூபா வீதம் 200 பந்து போடறார், 2,000 ரூபா உருட்டியாச்சு. நூறு பேர் இப்படி ஆடினா 43 பேருக்கு இந்த மூணு கட்டமும் ஒரு தடவை கூட வராது, அவங்களுக்கு கேம் 99% இல்ல, 80%தான், சராசரியா 390 ரூபா போயிருக்கும். வேற எவனோ ஒருத்தனுக்கு 1000 மடங்கு விழுந்து பத்தாயிரம் கிடைச்சிருக்கும், அவன் வீடியோதான் ரீல்ஸ்ல சுத்தும், அந்த 43 பேர் வீடியோ போட மாட்டாங்க. சராசரி 99-ங்கறது எல்லாரையும் சேர்த்து கோடிக்கணக்கான பந்துல வர்ற சராசரி, உங்க ஒரு சாயங்காலத்துக்கு அவன் குடுக்கற வாக்கு இல்ல.

லோ ரிஸ்க் பக்கம் போனா கதை தலைகீழ். 8 வரிசை லோ ரிஸ்க்ல ஓரம் 5.6, அப்புறம் 2.1, 1.1, 1, நடுவுல 0.5. இதுவும் கூட்டினா அதே 98.98%தான், ஆனா அதே 200 பந்துக்கு சராசரி நஷ்டம் 20 ரூபா, ஏற்ற இறக்கம் எண்பது ரூபாய்க்குள்ளதான் பெரும்பாலும் நிக்கும். அப்ப எல்லாரும் லோவே ஆடலாமேன்னா, செம போர். பத்து நிமிஷத்துல கை தானா ரிஸ்க் பட்டனைத் தேடிப் போகும், கேமை டிசைன் பண்ணினவனுக்கும் அது நல்லாவே தெரியும். இதுல ஆர்டிபி எல்லா சைட்லயும் 99 கிடையாது, 97-னு வச்சிருக்கற பிளிங்கோவும் இருக்கு, அதாவது சைட்காரன் பங்கு மூணு மடங்கு, ஆனா ஸ்க்ரீன்ல பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும்.

பந்து விழறதைப் பத்தி ஒண்ணு. நீங்க பட்டனை அமுக்கின அந்த நொடியிலயே எந்தக் கட்டம்னு முடிவாயிடுது, அதுக்கப்புறம் நீங்க பாக்கறது அந்த முடிவுக்கு ஏத்த மாதிரி ஓட்டற படம். பெரும்பாலான ஆன்லைன் பிளிங்கோல புவியீர்ப்பும் இல்ல, ஆணியும் இல்ல, பதினாறு ரேண்டம் நம்பர், அவ்வளவுதான். அதனால ஓரத்துக்குப் போயிட்டே இருந்த பந்து கடைசி ஆணில உள்ள திரும்பினப்ப "ஜஸ்ட்டு மிஸ்ஸு"ன்னு தோணுதே, அதுல மிஸ் ஆகறதுக்கு எதுவுமே இல்ல. கேம்பிரிட்ஜ்ல லூக் கிளார்க்கும் அவர்கூட இருந்தவங்களும் 2009-ல ஸ்லாட் மெஷின் மாதிரி ஒரு கேமை வச்சு மூளையை ஸ்கேன் பண்ணி ஒரு ஆய்வு போட்டாங்க, கிட்டத்துல வந்து தவறிப்போறது மனசுக்குப் பிடிக்கலைன்னாலும் இன்னொரு தடவை ஆடணும்ங்கற ஆசையை ஏத்துது, அதுவும் ஆடுறவரே எதையாவது தேர்ந்தெடுத்திருந்தா இன்னும் அதிகமாங்கறது அதுல வந்த முடிவு. பிளிங்கோல வரிசை எத்தனை, ரிஸ்க் என்னன்னு உங்களைத் தேர்ந்தெடுக்க விடறாங்க இல்லையா, திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா நாமதான் ஓட்டறோம்னு ஒரு நினைப்பு வந்துடும்.

இன்னொன்னு, 0.5 வந்தாலும் டிங்குனு ஒரு சத்தம் கேக்கும், கட்டம் மினுக்கும், அஞ்சு ரூபா உள்ள வந்த மாதிரி காட்டும். பத்து ரூபா போட்டு அஞ்சு ரூபா வந்தா அது அஞ்சு ரூபா நஷ்டம். கனடாவுல வாட்டர்லூ யூனிவர்சிட்டில மைக் டிக்சன் குழு 2010-ல ஸ்லாட் மெஷின்ல இதைத்தான் அளந்து பார்த்தாங்க, ஜெயிச்ச மாதிரி வேஷம் போட்டு வர்ற தோல்விக்கு உடம்பு, நிஜமா ஜெயிச்சப்ப எப்படி துடிக்குமோ அதே மாதிரிதான் துடிக்குது. சவுண்டை மியூட் பண்ணிட்டு ஆடிப் பாருங்கன்னு சிலர் சொல்வாங்க, அது சும்மா டிப்ஸ் இல்ல, காரணம் இருக்கு.

ப்ரூவப்லி ஃபேர் விஷயம் கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா ஃப்ரெண்ட் இதைத்தான் நம்பியிருக்கார்ங்கறதால சொல்றேன். சைட் ஒரு ரகசிய எழுத்துக் கோர்வையை முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கும், அது சர்வர் சீட் (seed, விதை மாதிரி). அதை உங்களுக்குக் காட்டாது, அதுக்கு பதிலா அதோட எஸ்எச்ஏ 256 ஹேஷை மட்டும் காட்டும், அதாவது அதோட கைரேகை மாதிரி ஒண்ணு. உங்க பக்கம் ஒரு கிளையன்ட் சீட் இருக்கும், நீங்களே மாத்திக்கலாம். கூட எத்தனாவது பந்துங்கற எண். இந்த மூணையும் சேர்த்து அரைச்சா ஒரு நீளமான நம்பர் வரும், அதை துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு ஆணிக்கும் இடதா வலதான்னு எடுப்பாங்க. அப்புறம் நீங்க சீட்டை மாத்தச் சொன்னா பழைய சர்வர் சீட்டை வெளிய காட்டுவாங்க, முன்னாடி குடுத்த ஹேஷ் அதுக்குப் பொருந்துதா, விழுந்த பந்தெல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சான்னு நீங்க செக் பண்ணிக்கலாம். நல்ல ஐடியாதான், நான் குறை சொல்லலை. ஆனா இது நிரூபிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க பெட் போட்டப்புறம் அவன் முடிவை மாத்தலைங்கறது. டேபிள் உங்களுக்குச் சாதகம்னு இது சொல்லலை, ஜெயிச்ச பணத்தை குடுப்பான்னும் சொல்லலை. பந்து முழுக்க நேர்மையா விழுந்து, பணம் மட்டும் வெளிய வராம நிக்கற சைட் இருக்கலாம், உங்க ஃப்ரெண்ட் இப்ப அப்படி ஒண்ணுலதான் மாட்டியிருக்கார்னு நினைக்கிறேன். அதுலயும் நிறைய போலி சைட்ல அந்த ஃபேர்னஸ் பேஜ் வெறும் படம், செக் பண்ண ஒண்ணும் இருக்காது.

அடுத்த பந்து எங்க விழும்னு டெலிகிராம் சேனல்ல சிக்னல்னு ஒண்ணு குடுப்பாங்களே, இதுல இருந்தே அதுக்கும் பதில் வந்துடுது. சர்வர் சீட் வெளிய வராதவரைக்கும் அடுத்த பந்து எங்க விழும்னு சொல்ல யாராலயும் முடியாது, முடிஞ்சா அவன் உங்களுக்கு ஏன் சொல்லப்போறான். அவனுக்கு வருமானம் வேற இடத்துல. அவன் லிங்க்ல சேர்றவங்க தோக்கற பணத்துல இத்தனை சதவீதம்னு சைட் கமிஷன் குடுக்கற ஏற்பாடு இந்தத் தொழில்ல ரொம்ப சாதாரணம், அதாவது உங்களுக்கு வழி காட்டறவனுக்கு நீங்க தோத்தாத்தான் சாப்பாடு. ஆயிரம் ஆயிரமா பெட் போட்டுக் காட்டற ஸ்ட்ரீமர்ல பல பேர் ஆடுறதும் சைட்டே நிரப்பிக் குடுத்த பேலன்ஸ்ல. பிரெடிக்டர் ஆப்புன்னு ஏபிகே ஃபைல் அனுப்பினா தொடவே தொடாதீங்க, இப்படி வந்து எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் கேக்கற ஆப்பு உங்க ஓடிபியைத் திருடப் பாக்கலாம்.

டபுள் பண்ற டெக்னிக் பத்தியும் கேக்காமலே சொல்லிடறேன், ஏன்னா அடுத்து அதுக்குத்தான் வருவீங்க. தோத்தா அடுத்த பந்துக்கு ரெண்டு மடங்கு, ஜெயிக்கிற வரைக்கும். பத்து ரூபால ஆரம்பிச்சு பத்து தடவை தொடர்ந்து தோத்தா பதினொண்ணாவது பந்து 10,240 ரூபா. பத்து தடவை தொடர்ந்து எப்படி தோக்கும்னு கேட்டா, மேல சொன்ன ஹை ரிஸ்க் டேபிள்ல அதுக்கு வாய்ப்பு 9.5%, எந்தப் பத்து பந்தை எடுத்தாலும் பத்துல ஒரு தடவை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். இத்தனை தடவை நடுவுல விழுந்துடுச்சு இனி ஓரத்துக்கு வந்துதானே ஆகணும்ங்கற நினைப்பு 1913 ஆகஸ்ட்ல மான்டே கார்லோ ரூலெட் மேசைல பல பேர் பணத்தை முழுங்கிச்சு, கறுப்பு 26 தடவை தொடர்ந்து வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் இனி சிவப்புதான்னு ஜனங்க கொட்டினாங்க. பந்துக்கு ஞாபகம் கிடையாது.

இப்ப நான் உண்மையிலயே முக்கியம்னு நினைக்கறதுக்கு வரேன், வேகம். சைட்காரன் பங்கு 1%தான்னு கேக்கும்போது சின்னதாத்தான் தெரியுது, ஆனா அந்த 1% உங்க கையில இருந்த பணத்துல இல்ல, நீங்க உருட்டின மொத்தத்துல. பத்து ரூபா பந்து, நிமிஷத்துக்கு முப்பது விட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துக்கு 1,800 பந்து, 18,000 ரூபா உருண்டாச்சு, நீங்க டெபாசிட் பண்ணினது வெறும் ரெண்டாயிரமா இருந்தாலும். ஆட்டோ மோடு போட்டு ஒரே நேரத்துல பத்து பந்து கொட்டினா இதுவும் தாண்டும். நம்ம ஊர்ல 2003-ல லாட்டரியை தடை பண்ணப்ப எத்தனை குடும்பம் அதுல போச்சுன்னு பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க, ஆனா அந்த லாட்டரில சீட்டு வாங்கிட்டு குலுக்கல் வரைக்கும் காத்திருக்கணும், நடுவுல மனுசன் யோசிக்க நேரம் இருந்துச்சு. இதுல யோசிக்கறதுக்குள்ள அடுத்த பந்து பாதி தூரம் வந்துடுது. ஹை ரிஸ்க்ல ஆயிரம் பந்து போடற நூறு பேர்ல 97 பேர் அந்த 1000 மடங்கை கண்ணாலயே பாக்க மாட்டாங்க, அவங்க சராசரி நஷ்டம் 10,000-க்கு 400 ரூபா கிட்ட, இது ஒரு மணி நேரம் கூட ஆகாத ஆட்டம்.

லண்டன் கசின் விஷயம் இங்கதான் சேருது. பிரிட்டன்ல சூதாட்டம் லீகல், கேம்ப்ளிங் கமிஷன்னு ஒரு அமைப்பு லைசன்ஸ் குடுக்குது. அவங்க என்னத்தை கட்டுப்படுத்தறாங்கன்னு பார்த்தா வேகத்தையும் வேஷத்தையும்தான். 2025 ஜனவரி 17-ல இருந்து ஸ்லாட் அல்லாத கேசினோ கேம்ல ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது 5 செகண்ட் இருக்கணும், ஆட்டோ ப்ளே கூடாது, போட்டதை விட கம்மியா வந்தா ஜெயிச்ச மாதிரி சத்தம் போட்டு கொண்டாடக் கூடாது. கிரெடிட் கார்டுல சூதாட்டம் 2020 ஏப்ரல்ல இருந்தே தடை. கேம்ஸ்டாப்னு ஒண்ணு இருக்கு, அதுல பேரைக் குடுத்தா லைசன்ஸ் வாங்கின எல்லா ஆன்லைன் சைட்டும் உங்களை உள்ள விடாது, சேர்ந்துட்டா நீங்க தேர்ந்தெடுத்த காலம் முடியறவரைக்கும் நடுவுல மனசு மாறினாலும் வெளிய வர முடியாது. பணம் தரலைன்னா புகார் குடுக்க ஒரு இடம் இருக்கு. கசின் ஆடுறதும் உங்க ஃப்ரெண்ட் ஆடுறதும் பார்க்க ஒரே கேம், ஆனா அங்க இருக்கற ஒரு பாதுகாப்பும் இங்க கிடையாது.

இங்க சட்டம் எப்படின்னா, தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்ல கவர்னர் ஒப்புதலோட வந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுன்னு சொல்லி தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு, ஆனா அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பற விளையாட்டுக்கு தடை அப்படியே நிக்குது. பிளிங்கோல திறமைன்னு வாதாட வக்கீலே வர மாட்டார். இந்தச் சட்டப்படி ஆடுறவருக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அதுக்கு மேல 2025 ஆகஸ்ட் 22-ல ஜனாதிபதி ஒப்புதல் குடுத்த மத்திய சட்டம் ஒண்ணு, திறமையோ அதிர்ஷ்டமோ காசு கட்டி ஆடற எந்த ஆன்லைன் கேமையும் நடத்தக் கூடாதுன்னு சொல்லுது. நடத்தறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம், விளம்பரம் பண்றவனுக்கு 2 வருஷம், 50 லட்சம் வரைக்கும். அந்தச் சட்டத்துல ஆடுறவருக்கு தண்டனை வைக்கலை. ஆக சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ உக்காந்து காசு வச்சு பிளிங்கோ ஆட நேர்மையான லைசன்ஸ் சைட்டுன்னு ஒண்ணு கிடையாது, எங்கயோ ஒரு தீவுல பதிவு பண்ணினேன்னு சொல்றவன்தான் மிச்சம். ஆடினதைச் சொன்னா நம்மளை பிடிப்பாங்களோன்னு பயந்து புகார் குடுக்காம விடறாங்க பாருங்க, அந்த பயம்தான் இவனுங்களுக்கு முதலீடு. ஏமாத்தி பணம் பறிச்சது தனி குற்றம், தயக்கமா இருந்தா ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டாவது போகச் சொல்லுங்க.

அப்ப இங்க இருக்கறவங்களுக்கு அளவோடன்னா என் பதில் நேரடியானது, காசு இல்லாம டெமோ மோடுல ஆடுங்க. கேம் அதேதான், கணக்கும் அதேதான், ஆயிரம் பந்து விட்டுப் பாருங்க, எத்தனை தடவை ஓரத்துக்குப் போச்சுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. ஒரு எச்சரிக்கை, சில போலி சைட்ல டெமோ மட்டும் தாராளமா ஜெயிக்க வைக்கும். விளம்பரம் பார்த்தா காசுன்னு வர்ற பிளிங்கோ ஆப்பும் இருக்கு, குறிப்பிட்ட தொகை சேர்ந்தாத்தான் எடுக்கலாம்பான், அதுக்கு கிட்ட போகப் போக காசு ஏறற வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும், போகறது உங்க நேரமும் டேட்டாவும்.

லீகலா இருக்கற நாட்டுல இருக்கறவங்க, கசின் மாதிரி, அவங்களுக்கு நான் சொல்றது வேற. பேலன்ஸைப் பாக்காதீங்க, உருட்டின மொத்தத்தைப் பாருங்க. இந்த மாசம் இதுல செலவு பண்றதுக்குன்னு ஒரு தொகை, சினிமாவுக்குப் போற மாதிரி திரும்ப வராதுன்னு நினைச்சே ஒதுக்கறது, அதை சைட்லயே டெபாசிட் லிமிட்டா போட்டு வச்சிடணும், ஆடும்போது மனசுல போடற லிமிட் லிமிட்டே இல்ல. ஒரு பந்தோட விலை அந்தத் தொகைல இருநூத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. ஒவ்வொரு பந்தையும் கையால விடணும். ஜெயிச்ச பணம் வாலட்ல கிடந்தா அது இன்னும் ஆடாத பணம், அவ்வளவுதான், அன்னைக்கே பேங்குக்கு இழுத்துடணும். போனஸை வாங்காம இருக்கறதே நல்லது, ஆயிரம் ரூபா போனஸுக்கு 10 மடங்கு உருட்டணும்னு போட்டிருந்தா 10,000 உருட்டினாத்தான் அதை தொட முடியும், பல இடத்துல பிளிங்கோல உருட்டினது அந்தக் கணக்குல சேரவே சேராது. கடன் வாங்கின காசு, ராத்திரி தூக்கம் வராத நேரம், சம்பளம் விழுந்த அன்னைக்கு சாயங்காலம், தண்ணி போட்ட நேரம், இதுல எதுலயும் வேணாம்.

ஃப்ரெண்ட் விஷயத்துல நீங்க கவனிக்க வேண்டியது அவர் எவ்வளவு தோத்தார்ங்கறது இல்ல, விட்டதைப் பிடிக்கணும்னு பேச ஆரம்பிச்சுட்டாரான்னு. போனை கவுத்து வச்சுக்கறது, சின்னச் சின்னதா கைமாத்து கேக்கறது, லோன் ஆப் மெசேஜ், வீட்டுல நகை அடகுக்குப் போனதுக்கு ஒரு கதை, இதெல்லாம் வந்துட்டா லிமிட் போடு, கன்ட்ரோலா ஆடுன்னு அட்வைஸ் பண்ற கட்டம் தாண்டிடுச்சு. திட்டினா இன்னும் மறைப்பார். கடனை நீங்க கையில பணமா குடுத்து அடைக்காதீங்க, அது திரும்ப பந்தாத்தான் மாறும், உதவணும்னா யார்கிட்ட வாங்கினாரோ அவங்களுக்கு நேரா கட்டுங்க. யுபிஐ ஆப்ல டெய்லி லிமிட்டை குறைச்சு வைக்கச் சொல்லலாம், சம்பள அக்கவுண்ட்டை வீட்டுல யாராவது கொஞ்ச நாள் பார்த்துக்கலாம், அந்த டெலிகிராம் சேனலை விட்டு வெளிய வரும்போது நீங்க பக்கத்துல இருங்க. பேசறதுக்கு டெலி மானஸ் 14416 இருக்கு, அரசாங்கத்தோட இலவச மனநல லைன், தமிழ்லயே பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க. முதல் போனை அவர் பண்ணத் தயங்கினா நீங்களே பண்ணி, இப்படி ஒருத்தர் இருக்கார், என்ன பண்றதுன்னு கேக்கலாம்.